கூஸ்கூஸ் பானையில் மண் அவித்தவள்

எங்கள் ஊரில் பிள்ளைகள் ரொட்டி தின்ன மாட்டேன் என்று அடம் பிடித்தால், "அப்ப போய் இஸ்ஸாகூட உட்கார்ந்து மண்ணைத் தின்னு" என்று தாய்மார்கள் விரட்டுவார்கள். இது அநியாயம். என் அக்கா இஸ்ஸா மண்ணைத் தின்று நான் பார்த்ததில்லை. மோந்து பார்ப்பாள், விரலில் தேய்த்துப் பார்ப்பாள், எப்போதாவது நாக்கு நுனியில் வைத்துத் துப்புவாள். துப்பியதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கூடப் பிறந்த அக்கா இல்லை. செத்துப்போன என் சித்தப்பாவின் ஒரே மகள். த்ரா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் தலூஸ்த் ஊரில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது ஆண்களுக்குப் பிடிக்காது என்பதால் இன்னொரு தடவையும் சொல்கிறேன்: ஆண்களையும் சேர்த்து. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டாவதோடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அதனால் அவள் படித்ததில் பாதியை நான் தப்பாகச் சொல்லலாம். மீதிப் பாதி என் கண் முன்னால் நடந்தது.

மராக்கெஷில் படித்து முடித்து அவள் ஊர் திரும்பிய அன்று சித்தி வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெயருக்கு முன்னால் 'லல்லா' என்ற மரியாதையும் அன்றே ஒட்டிக்கொண்டது.

"லல்லா இஸ்ஸா, இந்த முட்டியை மடக்க முடியல."

"நான் மனுஷ டாக்டர் இல்ல. செடி கொடிக்கு டாக்டர்."

"சரி, செடிக்கு என்ன வியாதி பார்த்த?"

"பயூத்."

அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கடைசியில் முட்டிவலிக்காரிதான் தைரியமாகக் கேட்டாள்.

"மருந்து கண்டுபிடிச்சாச்சா?"

"அதுக்கு மருந்து கிடையாது."

"மருந்தில்லாத வியாதிக்கு எதுக்குடி டாக்டரு?"

அக்கா சிரித்துவிட்டாள். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை வருஷம் படிச்சேன்."

பயூத் வந்தால் பேரீச்சை மரத்தின் கொண்டையில் ஒரே ஒரு மட்டை, அதிலும் ஒரு பக்கம் மட்டும், நனைந்த கோழி இறகு மாதிரி வெளுக்கும். பிறகு மறுபக்கம். பிறகு பக்கத்து மட்டை. குருத்து போனால் மரம் போயிற்று. எல்லாம் மண்ணில் கிடக்கும் ஒரு பூஞ்சையின் வேலை. வேர் வழியாக ஏறும். வெளியே வெளுப்பது தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் தோட்டம் முழுக்க மஜ்ஹூல் பேரீச்சை மரங்கள் நின்றனவாம். எனக்கு நினைவிருப்பது அடிக்கட்டைகள்தான். பின்னால் ஒளிந்து விளையாடக்கூட உயரம் போதாது. என் அப்பா ஹத்தூ ஒவ்வொரு மரத்தையும் தன் கையாலேயே வெட்டி எரித்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. அதற்குப் பிறகு அவர் பேரீச்சம்பழம் தின்று நான் பார்த்ததில்லை. விருந்துக்குப் போனால் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுவார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தோட்டம். அதே தண்ணீர், அதே சாதி மரம், ஒரே தகப்பன் பிரித்துக் கொடுத்த நிலம். அங்கே ஒரு மட்டைகூட வெளுக்கவில்லை. ஊருக்கு இதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. சித்தப்பா தாயத்து புதைத்தார் என்றார்கள். சித்தியின் கண் பொல்லாதது, நோயே பயந்துவிட்டது என்றார்கள். இதைக் கிளப்பிவிட்டது நான் இல்லை. பரப்பியது மட்டும்தான் நான்.

அக்காவுக்கு வேறு காரணம் இருந்தது. ஒருநாள் மரத்தடியில் வேர் தோண்டியபடி எனக்குச் சொன்னாள்.

"மரத்துக்கு ரத்தம் கிடையாது யம்னா. நம்ம உடம்புல ரோந்து சுத்துற மாதிரி அதுக்குள்ள யாரும் சுத்த மாட்டாங்க. ஒவ்வொரு அறையும் தனக்குத் தானே காவல்."

"எல்லாரும் தூங்கிட்டா?"

"அதான் பிரச்சினை. பூஞ்சை வர்றப்ப வேர் தூங்கிட்டிருந்தா தீர்ந்துது. இந்த மண்ணுல சில நுண்ணுயிர் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதுங்க வேரைச் சும்மா சீண்டிக்கிட்டே இருக்கும். கடிக்காது, சீண்டும். அந்த எரிச்சல்ல வேர் முழிச்சிட்டே கிடக்கும். நிஜத் திருடன் வர்றப்போ கதவெல்லாம் ஏற்கெனவே சாத்தியிருக்கும்."

"நான் ஊருக்குப் பண்ற சேவையும் அதானே?"

"நீ ஊரைத் தூங்கவிடாம பண்ற, அவ்வளவுதான். கதவை ஒருத்தனும் சாத்தலியே."

உலகத்தில் குறும்புக்கு ஒரு பயன் உண்டு என்று என்னிடம் முதலில் சொன்னவள் அவள். அதிலிருந்து அந்த நுண்ணுயிர்களை நான் சொந்தக்காரர்களாகத்தான் நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்து வேளாண் அலுவலகம் ஓர் அறிவிப்பு கொண்டுவந்தது. நோய் தாங்கும் புதுக் கன்றுகள் எங்கள் ஊர் முழுவதற்கும் இலவசம். ஆனால் நிலம் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய மரம் ஒன்று நின்றாலும் யாருக்கும் கன்று இல்லை. மற்ற தோட்டங்களில் வெட்ட எதுவும் மிச்சமில்லை. நின்றது அக்காவின் தோட்டம் ஒன்றுதான். ஊர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அதிகமாகப் பார்த்தவர் மைமூன். அக்காவின் பக்கத்து நிலத்துக்காரர். குரல் பெரிது, நிலம் சிறிது. "உன் மரம் நிக்குறதால என் நிலம் பாலைவனமாக் கிடக்குது" என்று வேலியோரம் நின்று தினமும் கத்துவார். அவர் கழுதையின் வாலில் தகர டப்பா கட்டியது நான்தான், அதற்கு இதுவே காரணம்.

அறிவிப்பில் ஊர் சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் வாய்க்கால் ஷேக். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கிறவர். அது என் அப்பா.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபடியே கேட்டாள்.

"பெரியப்பா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்கல."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"முடியாதுன்னு."

"அதான் கேட்கல. உட்காரு, டீ குடி."

"குடிக்க மாட்டேன்."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஊற்றிய டீயை அதுவரை யாரும் மறுத்ததில்லை, மைமூன் உட்பட.

"அந்த மரமெல்லாம் எதனால நிக்குதுன்னு தெரியாம வெட்டக்கூடாது" என்றாள் அக்கா. "வெட்டிட்டா அப்புறம் தெரிஞ்சுக்கவே முடியாது. புதுக் கன்னு நோயைத் தாங்கும், நான் இல்லைங்கல. ஆனா பூஞ்சை சும்மா இருக்குமா? அதுவும் நாளுக்கு நாள் கத்துக்கும். அது புதுக் கன்னை உடைக்கக் கத்துக்கிற அன்னைக்கு நம்ம கையில என்ன இருக்கும்? அடிக்கட்டையா?"

"என் தோட்டமும் இப்படித்தாம்மா நின்னுச்சு" என்றார் அப்பா, டீப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "எல்லாருக்கும் வெளுத்தப்போ எனக்கு வெளுக்கல. என் மண்ணு வேறன்னு நானும் நெனச்சேன். அடுத்த கோடையில மொத மட்டை. உன்னோடதும் வெளுக்கும். அதைப் பார்க்குறதுக்குப் பதிலா இப்பவே வெட்டிடு."

"வெளுத்தா நானே வெட்டுறேன். வெளுக்காததை வெட்ட விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போனாள். அந்த டீயை நான் குடித்தேன். வீணாகப் போகக்கூடாது.

அக்கா நேராக அலுவலக இயக்குநர் டாக்டர் ஸெப்தியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ இரக்கப்பட்டு விட்டுவைத்த ஒற்றை நோய் மரத்திலிருந்து ஒரு சோலை முழுவதும் செத்ததைப் பார்த்தவர். அன்றிலிருந்து இரக்கம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அக்கா இரக்கம் கேட்கவில்லை. சோதனை கேட்டாள். ஒரு கோடை அவகாசம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"சோதனைக் கொட்டகை சாவி உங்ககிட்ட இருக்கக்கூடாது. உங்களை நம்பாத ஒருத்தர்கிட்ட இருக்கணும்."

"எங்க பெரியப்பா இருக்காரு."

"அவர் நம்பலைங்கறது நிச்சயமா?"

"என் மரத்தை வெட்டக் கையெழுத்துப் போட்டவர் சார்."

சோதனை இதுதான். அக்காவின் தோட்டத்து மண்ணை எடுத்து இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி அப்படியே, உயிரோடு. மறு பாதியை அவித்து அதில் இருக்கும் நுண்ணுயிர் எல்லாவற்றையும் கொன்றுவிடுவது. இரண்டிலும் பேரீச்சை நாற்று நட்டு, இரண்டுக்கும் பூஞ்சையைக் கொடுப்பது. அவித்த மண் நாற்று சாகணும், உயிர் மண் நாற்று பிழைக்கணும். அப்படி நடந்தால் மரங்களைக் காப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான் என்று நிரூபணம். தோட்டம் பிழைக்கும். நடக்காவிட்டால் மண் அள்ளும் இயந்திரம் வரும்.

மண்ணை எதில் அவிப்பது? அக்கா வேலை பார்த்த ஆய்வு நிலையத்து ஆவி இயந்திரம் பல மாதமாகப் பழுது. எங்கள் ஊரில் ஆவிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கூஸ்கூஸ் பானை உண்டு. கீழே தண்ணீர் கொதிக்கும், மேலே ஓட்டைச் சட்டியில் ரவை அந்த ஆவியில் வேகும். அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன், உதவுவதற்கு என்று சொல்ல முடியாது.

"எதுக்குடி இத்தனை பானை?"

"மண்ணு அவிக்க" என்றாள் அக்கா.

"கூஸ்கூஸ் மாதிரியே ஏழு காயும் போட்டு" என்றேன் நான்.

கொடுத்தார்கள், அதுதான் அதிசயம். கூஸ்கூஸ் சமைக்கிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திருப்பித் தர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஒரு தடவை அவித்தால் போதாதாம். வித்தாக ஒளிந்திருக்கும் சிலது தப்பித்துவிடும். ஆபத்து போய்விட்டது என்று நம்பி அது முளைக்கும்போது மறுநாள் மறுபடி அவிக்க வேண்டும். அதற்கு மறுநாளும். இவ்வளவு பொல்லாத தந்திரம் அக்காவுக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றைக்கு அவள் மேல் என் மரியாதை கூடியது. மைமூனின் மனைவி மட்டும் தன் கூஸ்கூஸில் இன்னமும் கிணற்று மண் வாசம் வருகிறது என்கிறாள்.

பழைய எண்ணெய் டப்பாக்கள்தான் தொட்டி. உயிர் மண்ணுக்கு நீல நூல், அவித்த மண்ணுக்குச் சிவப்பு நூல். கொட்டகைக்குப் பூட்டு. மாலைதோறும் அப்பா செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு உள்ளே போவார். எல்லாத் தொட்டிக்கும் ஒரே மத்தி மீன் டின்னால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் அளப்பதில் அப்பாவிடம் யாரும் குறை காண முடியாது.

கோடை ஏறியது. சிவப்பு நூல் நாற்றுகள் வெளிற ஆரம்பித்தன. அப்பா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் அக்காவைத் தெருவிலேயே நிறுத்தினார்.

"சிவப்பு கட்டினதெல்லாம் வாடுது."

"வாடணும் பெரியப்பா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பச்சப் புள்ளைங்க மாதிரி இருக்குது. கல்லு மனசுடி உனக்கு."

"ஆமா, கல்லுதான்" என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் என் அப்பாவைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாய் மரத்தடியிலிருந்து பிரித்த கன்றை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, தாய் மரத்தின் அடிமண்ணில் ஒரு கைப்பிடியும் சேர்த்துக் கொடுப்பார்கள். புது இடத்தில் கன்று ஏங்கக்கூடாது என்பதற்காக. கல்யாணம், பிள்ளைப்பேறு எதுவானாலும் கன்றும் கைப்பிடி மண்ணும்தான் பரிசு. பயூத் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்துபோனதும் இந்தக் கைப்பிடி மண்ணில்தான் என்று அலுவலகம் பிறகு சொன்னது. அக்காவும் அதை மறுக்கவில்லை. அதனால் வழக்கத்துக்குத் தடை வந்தது. பள்ளிவாசலில் எழுந்து நின்று தடையை அறிவித்தவர் என் அப்பா. மீறினால் தண்ணீர் முறை கிடையாது என்றார்.

கோடை முடிந்து டாக்டர் ஸெப்தி வந்தார். கூடவே இயந்திரமும் வந்து வாய்க்காலுக்கு எங்கள் பக்கக் கரையில் உறுமிக்கொண்டு நின்றது. ஊரே கூடியது. அப்பா பூட்டைத் திறந்தார்.

நீல நூல் வரிசை கிட்டத்தட்ட முழுவதும் பச்சை. அக்கா மூச்சு விட்டாள். பிறகு சிவப்பு நூல் வரிசையைப் பார்த்தாள். பாதி செத்திருந்தது. மீதிப் பாதி, அங்கொன்றும் இங்கொன்றுமாக, பச்சையாக நின்றது.

ஸெப்தி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

"லல்லா இஸ்ஸா, உங்க நுண்ணுயிர் இல்லாமலே பாதி பிழைச்சிருக்கு. அப்ப அதுங்கதான் காப்பாத்துதுன்னு எப்படிச் சொல்றது?"

"அல்ஹம்துலில்லாஹ்! வண்டியை விடுங்கப்பா" என்றார் மைமூன்.

அக்கா நேராகப் போய், பிழைத்த சிவப்புத் தொட்டி ஒன்றின் முன்னால் மண்டியிட்டாள். நகத்தால் கீறினாள். மோந்தாள். இன்னும் கொஞ்சம் தோண்டி, இரண்டு விரலால் ஒன்றை வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்தாள். மண்புழு. நெளிந்தது.

"மூணு தடவை அவிச்ச மண்ணு இது. இவரு எப்படி உள்ள வந்தாரு?"

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

யோசிக்கக்கூட இல்லை. அம்மாகூடப் பார்த்தாள். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும், நானோ நான். மைமூன் கழுதையின் வாலைப் பற்றி ஆரம்பித்தார். செய்யாத குற்றத்துக்கு மாட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உப்பில்லாத ரொட்டி மாதிரி, ஒரு ருசியும் இல்லை.

"நான் இல்ல" என்றேன். என் வாயிலிருந்து வந்ததாலேயே அது பொய் மாதிரி கேட்டது.

"சின்னப் புள்ள விளையாட்டு" என்றார் ஸெப்தி சலிப்போடு. "சரி, சோதனை செல்லாது."

"அவ இல்ல" என்றார் அப்பா. "நான்."

அப்பா தலைப்பாகையைக் கழற்றி மறுபடி சுற்றினார், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று.

"தினமும் தண்ணி ஊத்தினவன் நான். அதுங்க என்னைப் பார்த்துக்கிட்டே வெளுக்குது. ரொம்ப மோசமா இருந்ததுக்கு மட்டும் தம்பி தோட்டத்து மரத்தடியில இருந்து ஒரு கைப்பிடி போட்டேன். குனிய முடிஞ்ச மட்டும் போட்டேன். அப்புறம் முதுகு விடல."

"பள்ளிவாசல்ல தடை போட்டது யாரு ஸி ஹத்தூ?" என்று மைமூன் மரியாதைப் பட்டத்தோடு இழுத்தார்.

"நான்தான். மீறினதும் நான்தான். என் தண்ணி முறையை நீயே எடுத்துக்கோ, வாயை மூடு."

அக்கா மெல்ல எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. பெரியப்பாவைக் கட்டிக்கொள்வாள் என்று சில பெண்கள் கண்ணைத் துடைக்கத் தயாரானார்கள்.

"ஒரு கோடை!" என்று கத்தினாள். "ஒரு கோடை முழுக்க நாசம் பண்ணிட்டீங்க பெரியப்பா! சாகவேண்டியதைச் சாக விடணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"என்னை நம்பாதவர்னுதானே உங்ககிட்ட சாவியைக் கொடுத்தேன்!"

"நம்பாம எப்படிம்மா அந்த மண்ணை எடுத்துப் போடுவேன்?" என்றார் அப்பா.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஸெப்தியின் கண்கள் வரிசையின் மேல் ஓடுவதைப் பார்த்தேன். கைப்பிடி விழுந்தது பச்சை, விழாதது பிணம். படித்தவர் இல்லையா, அவருக்கும் தெரிந்துவிட்டது. "இது தற்செயலா நடந்தாலும் உங்களுக்குச் சாதகம்தான்" என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "நீங்க விரும்பினா இதையே..."

"வேண்டாம்." அக்கா வெட்டினாள். "எந்தத் தொட்டிக்குப் போட்டார், எந்தத் தொட்டிக்குப் போடல, எவ்வளவு போட்டார், அவருக்கே தெரியாது. இதை நிரூபணம்னு நான் காட்ட மாட்டேன். செல்லாதுன்னு நானே முதல்ல சொல்றேன். ஆனா செல்லாததுன்னா ரெண்டு பக்கமும் செல்லாது. இதை வச்சு என் மரத்தை வெட்டவும் முடியாது."

"உத்தரவு சோதனைக்கு முன்னாடியே போட்டது லல்லா. கோடை வரைக்கும்தான் நிறுத்தி வச்சிருந்தேன். வண்டி வந்தாச்சு."

"அப்ப மரத்தோட சேர்த்து என்னையும் எரிக்க உத்தரவு வாங்கிட்டு வாங்க."

அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து தோட்டத்து வாசலில் நின்றாள். கை கட்டவில்லை, கத்தவில்லை. நின்றாள். சித்தி பக்கத்தில் போய் நின்றாள். ஓட்டுநர் ஸெப்தியைப் பார்த்தார், ஸெப்தி என் அப்பாவைப் பார்த்தார். கையெழுத்து அவருடையதாயிற்றே.

அப்பா இயந்திரத்தை நோக்கி நடந்தார். ஆனால் அதுவரை போகவில்லை. வாய்க்காலின் தலைமடையில் குனிந்து, முதுகு விடாது என்று சொன்ன அதே மனிதர், பலகையைப் பிடுங்கினார். தண்ணீர் சலசலவென்று பாய்ந்து இயந்திரத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஓட ஆரம்பித்தது.

"முறை ஆரம்பிச்சாச்சு" என்றார். "ஓடுற வாய்க்கால் மேல வண்டி ஏறக்கூடாது. ஏறினா கரை உடையும், கரை உடைஞ்சா கீழ்த் தோட்டத்துக்கெல்லாம் தண்ணி கிடையாது."

"யாரோட முறை இது?" என்று கேட்டார் ஸெப்தி.

"இப்ப என்னோடது. அடுத்தது இஸ்ஸாவோடது. அடுத்தது மைமூனோடது. மைமூன், வேண்டாம்னா சொல்லு, மூடிடறேன்."

மைமூன் வாயைத் திறந்தார். எங்கள் ஊரில் கோடைக் கடைசியில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவர் மண்வெட்டியை எடுக்க ஓடினார்.

ஸெப்தி ஓட்டுநருக்குக் கை காட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு அக்காவிடம் வந்தார். "அடுத்த கோடை முடியறவரைக்கும் அவகாசம். ஒரு மட்டை வெளுத்தாலும் நானே வந்து நிப்பேன்."

"வெளுத்தா உங்களுக்கு முன்னாடி நான் கோடாலியோட நிப்பேன்" என்றாள் அக்கா.

இதற்கு விலை இருந்தது. கன்றுகள் அடுத்த ஊருக்குப் போயின. எங்கள் தெருவில் பாதிப்பேர் எங்கள் வீட்டு ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. ஊர்க்கூட்டம் கூடி, ஒப்படைத்த சாவிக்கும் போட்ட தடைக்கும் துரோகம் செய்தவர் தண்ணீர் அளக்கக்கூடாது என்று அப்பாவை வாய்க்கால் ஷேக் பதவியிலிருந்து இறக்கியது. அது நியாயம்தான் என்று அப்பாவே சொன்னார். ஆனால் அடுத்த ஷேக்காக மைமூனைப் போட்டபோது அவர் நியாயம் என்று சொல்லவில்லை.

அக்கா முதல் வேலையாக மைமூன் வீட்டுக்குப் போய்ப் புதுப் பூட்டின் சாவியை நீட்டினாள்.

"எனக்கெதுக்கு?" என்றார் அவர்.

"ஊர்ல என்னை அதிகமா வெறுக்கிறது நீங்கதான். வேற ஆள் கிடைக்கல."

மைமூன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

இந்தத் தடவை மூன்று வரிசை. உயிர் மண், அவித்த மண், அவித்த மண்ணோடு அளந்து போட்ட ஒரு கைப்பிடி உயிர் மண். மூன்றாவது வரிசைக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் கேட்டதற்கு, "உங்க அப்பா செஞ்ச நாசம்னு வை" என்றாள். ஆனால் அந்தக் கைப்பிடியை அளக்க அப்பாவைத்தான் கூப்பிட்டாள். கொட்டகைக்கு வெளியே உட்கார வைத்து, ஒவ்வொரு பிடியையும் தராசில் போட்டு, ஒரே அளவாக வரும்வரை மறுபடி மறுபடி அள்ள வைத்தாள். "பெரியப்பா, இது கூடிப்போச்சு, திரும்ப அள்ளுங்க." அப்பா முணுமுணுத்துக்கொண்டே அள்ளினார். அதற்குப் பிறகு கோடை முழுவதும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. வரவில்லை. மைமூனைத் தெருவில் மடக்கி, "எப்படி இருக்குது?" என்று கேட்பார். "சொல்ல மாட்டேன், நான் ஷேக்" என்பார் மைமூன். எனக்கு அந்த மனிதரின் கழுதையை மறுபடி கவனிக்க வேண்டும் போல இருக்கும்.

கோடை முடிந்தது. ஸெப்தி வந்து மூன்று வரிசையையும் பார்த்தார், படம் எடுத்தார், எண்ணினார், அக்காவை எண்ணச் சொன்னார், மறுபடி தானே எண்ணினார். அவித்த மண் வரிசையில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உயிர் மண் வரிசையிலும் கைப்பிடி வரிசையிலும் பெரும்பாலானவை நின்றன. உத்தரவை நிறுத்திவைக்கிறேன், இந்தத் தோட்டத்தை ஆய்வுக்கென்று ஒதுக்குகிறேன் என்றார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. அக்காவும் நன்றி சொல்லவில்லை. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், சண்டைக்கு நடுவே மூச்சு வாங்குகிறவர்கள் மாதிரி.

அவர் போன பிறகு மைமூன் சாவியை அக்காவின் மடியில் போட்டார்.

"அவிச்ச மண்ணுல எல்லாம் செத்துப்போச்சு. சந்தோஷமா?"

"ரொம்ப."

அவர் போகவில்லை. வேலியைத் தடவினார். இருமினார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"இஸ்ஸா, ஒரு கூடை மண்ணு கொடேன். என் நிலத்துல ரெண்டு கன்னு வைக்கணும். ஒரு கூடை போதும்."

"தர மாட்டேன்."

"என்ன?"

"தர மாட்டேன்னேன். காப்பாத்துறதும் இந்த மண்ணுலதான் இருக்கு, கொல்றதும் இதுலயே ஒளிஞ்சிருக்கலாம். கூடைக்குள்ள எது ஏறுதுன்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியாது. இப்படி அள்ளிக் கொடுத்துத்தான் ஊரே செத்துச்சு. அதுல எதெது காவல்னு பிரிச்சு எடுக்கணும். அது வரைக்கும் உங்களுக்கும் கிடையாது, பெரியப்பாவுக்கும் கிடையாது, அந்த ராஜாவே வந்து கேட்டாலும் கிடையாது."

"கொழுப்புடி உனக்கு!" மைமூனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "பக்கத்து நிலத்துக்காரன் நான்! சாவி வச்சிருந்தவன் நான்!"

"ஆமா. அதனால உங்க மண்ணைக் கொண்டு வாங்க. அதுல ஏதாவது தூங்கிட்டிருக்கான்னு பார்க்கிறேன். இருந்தா எழுப்புறேன். இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

அவர் தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையைத் தொட்டார், என்னைத் தனியாகவும் குறிப்பிட்டார்.

மறுநாள் காலையில் தோட்டத்து வாசலில் நின்றார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து அதில் மண்ணை முடிந்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். வெறுந்தலையோடு அவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "உள்ள வராதீங்க. அங்கயே வைங்க. போய்க் காலைக் கழுவிட்டு வாங்க."

மைமூன் முணுமுணுத்துக்கொண்டே கழுவப் போனார்.